தடங்கலுக்கு வருந்துகிறோம்! - ஒரு உள்ளூர் டிவி நிலையத்தின் வரலாறு

அப்பாவிடம் பழைய தூர்தர்ஷன் நாட்களைப் பற்றிக் கேட்டால் முதலில் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்ல மாட்டார். ஒரு அட்டையைப் பற்றித்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் நல்ல கட்டத்துக்கு வந்திருக்கும். திடீரென்று திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று எழுதிய அட்டை வந்து நிற்கும். உடனே தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து "உங்க வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டுக்கொள்வார்களாம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி. யாரும் அதில் சதி இருக்கும் என்று நினைத்ததில்லை. எங்கோ ஏதோ பழுது, சரி செய்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இதே போன்ற ஒரு அட்டை 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனிலும் திரையில் வந்தது. "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்பது அதன் வாசகம். ஆனால் கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. அந்த அட்டையில் தொடங்கிய வழக்கு 14 ஆண்டுகள் கழித்து அந்த நிலையத்தின் உரிமத்தையே பறித்தது. டிவி பார்க்கிற சாதாரண மனிதனுக்கும் நீதிமன்றத்தில் நிற்க உரிமை உண்டு என்ற சட்டமும் அதிலிருந்துதான் பிறந்தது. இந்தக் கட்டுரை அந்த நிலையத்தைப் பற்றியது. பெயர் டபிள்யூ.எல்.பி.டி., சேனல் 3.

நிலையம் பிறந்த காலம்

டபிள்யூ.எல்.பி.டி. 1953 டிசம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. உரிமையாளர் லமார் லைஃப் என்ற உள்ளூர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஒளிபரப்புக் கிளை. அமெரிக்க முறைப்படி என்.பி.சி. என்ற தேசிய வலைப்பின்னலின் நிகழ்ச்சிகளை வாங்கி ஒளிபரப்பும். நடுநடுவே உள்ளூர்ச் செய்தி, உள்ளூர் விளம்பரம், உள்ளூர் நிகழ்ச்சிகளைத் தானே தயாரித்துச் சேர்த்துக்கொள்ளும்.

அப்போதைய மிசிசிப்பி எப்படி இருந்தது என்று நமக்கு விளக்கத் தேவையே இல்லை. இரட்டைக் குவளை முறை தெரிந்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும். கறுப்பின மக்களுக்குத் தனிக் குழாய், தனிப் பள்ளி, பேருந்தில் தனி இருக்கை. ஓட்டுரிமை காகிதத்தில் உண்டு, கையில் கிடையாது. நிலையம் தொடங்கி ஐந்தே மாதத்தில், 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வாதாடியவர் தர்குட் மார்ஷல். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் தலைமை வழக்கறிஞர் அவர். பின்னாளில், 1967இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் அவரே.

1955இல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் மார்ஷல் பேசினார். நாடு முழுவதும் பார்த்தது. ஜாக்சன்காரர்கள் மட்டும் அட்டையைப் பார்த்தார்கள். அந்த நிலையத்தின் மேலாளர் ஃப்ரெட் பியர்ட், இனப் பிரிவினையைக் காப்பதற்காகவே தொடங்கப்பட்ட 'வெள்ளையர் குடிமக்கள் மன்றம்' என்ற அமைப்பின் உறுப்பினர். ஆக, பழுது இயந்திரத்தில் இல்லை, நாற்காலியில் இருந்தது.

செய்தி என்ற பெயரில்

ஒரு நிலையம் பொய்ச் செய்தி சொன்னால் என்றாவது ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். சொல்லாமலே விட்டால்? அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். டபிள்யூ.எல்.பி.டி. செய்திப் பிரிவின் பலமே இந்த 'சொல்லாமல் விடுதல்'தான்.

நிலையத்தின் ஒளிபரப்பு வட்டாரத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் டிவியில் அவர்கள் இல்லவே இல்லை. அவர்கள் ஊர்வலம் போனால் அது செய்தியில்லை, கைதானால் செய்தி. அப்படிச் செய்தியில் வந்தாலும் பெயருக்கு முன்னால் திரு, திருமதி கிடையாது. வெள்ளைக்காரர் என்றால் மரியாதை, கறுப்பர் என்றால் வெறும் பெயர். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் நம் தாத்தாக்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டவர்களுக்கு இதன் வலி தெரியும்.

இன்னொரு பக்கம், குடிமக்கள் மன்றத்தின் பிரசார நிகழ்ச்சியும் இதே நிலையத்தில் வந்தது. பின்னாட்களில் அந்த நிகழ்ச்சிக்கு மாநில அரசின் பணமும் போனது. அதாவது தன்னைத் தாழ்த்திப் பேசும் நிகழ்ச்சிக்குக் கறுப்பினத்தவரின் வரிப்பணமும் செலவானது. 1957இல் பிரிவினையை ஆதரிக்கும் ஒரு நிகழ்ச்சி வந்தபோது, மறுபக்கத்தைச் சொல்ல எங்களுக்கும் நேரம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மறுக்கப்பட்டது.

அமெரிக்காவில் அப்போது 'நியாய விதி' என்று ஒன்று இருந்தது. சர்ச்சைக்குரிய பொது விஷயத்தைப் பற்றி ஒரு நிலையம் பேசினால், எதிர்த் தரப்புக்கும் இடம் தர வேண்டும். இதைக் கண்காணிக்க வேண்டியது மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். நிலையங்களின் உரிமத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் அதன் வேலைதான். 1958இல் டபிள்யூ.எல்.பி.டி. புதுப்பிக்க விண்ணப்பித்தபோது ஆணையம் புகார்களை எடுத்துப் பார்த்தது. விதி மீறல் நடந்திருப்பது உண்மைதான் என்றது. ஆனால் அவை "எங்கோ ஒன்றிரண்டு" என்று சொல்லி வழக்கம்போல மூன்று ஆண்டுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. அரசு அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

பதினேழு நிமிடங்கள்

1962இல் ஆர்.எல்.டி. ஸ்மித் என்பவர் நாடாளுமன்றத் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் தேர்வில் நின்றார். அவர் ஒரு போதகர், ஜாக்சனில் மளிகைக்கடை வைத்திருந்தவர், கறுப்பினத்தவர். பணம் கொடுத்து டிவி நேரம் வாங்கத் தயாராக இருந்தும் நிலையம் விற்க மறுத்தது. வாஷிங்டன் வரை புகார் போன பிறகுதான் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கலவரம் வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் டபிள்யூ.எல்.பி.டி. மெரிடித்தின் சேர்க்கையை எதிர்த்து நிலையத்தின் கருத்தாகவே பேசியது. ஒரு மாணவன் கல்லூரியில் சேருவதை எதிர்த்து ஒரு டிவி நிலையம் தலையங்கம் படிக்கிறது! ஒரு மாணவனாக இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1963 மே மாதம் ஜாக்சன் மேயர் டிவியில் தோன்றி, நம் ஊரில் கறுப்பின மக்களுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் வெளியூர்க்காரர்கள் தூண்டிவிடுவது என்ற பாணியில் பேசினார். என்.ஏ.ஏ.சி.பி.யின் மிசிசிப்பி செயலாளர் மெட்கர் எவர்ஸ், நியாய விதியைக் காட்டிப் பதில் சொல்ல நேரம் கேட்டார். இந்த முறை மறுக்க முடியவில்லை. மே 20 அன்று அவர் 17 நிமிடங்கள் பேசினார்.

அந்தப் பேச்சில் கோபம் குறைவு, கணக்கு அதிகம். ஜாக்சனில் இருக்கும் ஒரு கறுப்பன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போடுகிறான் என்று ஆரம்பிக்கிறார். உலகம் முழுக்க என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. காங்கோ நாட்டில் ஒரு ஆப்பிரிக்கர் ரயில் எஞ்சின் ஓட்டலாம் என்று தெரிகிறது. ஆனால் அவனால் ஜாக்சனில் குப்பை லாரி கூட ஓட்ட முடியாது. உன் ஊரையும் உலகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க உனக்குக் கண் கொடுப்பது டிவி என்பதை அந்த டிவியிலேயே சொன்னார். அட்டை போட்டு மறைத்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

அவர் முகம் ஜாக்சன் முழுக்கத் தெரிந்தது. 23 நாட்கள் கழித்து, ஜூன் 12 அதிகாலையில், தன் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியபோது முதுகில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் குடிமக்கள் மன்ற உறுப்பினன் பைரன் டி லா பெக்வித். அவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆனது.

நோட்டும் பேனாவும்

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்தை நடத்திவந்தவர் எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார். ஒளிபரப்புத் துறை நன்றாகத் தெரிந்தவர். "இந்த நிலையம் ஒருதலைப்பட்சமானது" என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் ஆணையம் அசையாது என்று அவருக்குத் தெரியும். ஆதாரம் வேண்டும். அதுவும் எண்ணிக்கையோடு.

1964 மார்ச் 1 முதல் 7 வரை ஒரு வாரம் நிலையம் காலையில் திறந்ததிலிருந்து இரவு மூடும் வரை எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்தார். ஜாக்சனில் உள்ள மில்சாப்ஸ் கல்லூரியின் அரசியல் அறிவியல் பேராசிரியர் கார்டன் ஹென்டர்சன் உதவினார். குறிப்பெடுத்தவர்கள் உள்ளூர் வெள்ளையர்கள், இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், உயிருக்கே கூட ஆபத்து. அதனால் எல்லாம் ரகசியமாக நடந்தது. எத்தனை நிமிடம் செய்தி, எத்தனை நிமிடம் விளம்பரம், திரையில் கறுப்பினத்தவர் எத்தனை முறை வந்தார், எப்படி அழைக்கப்பட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். சும்மா உட்கார்ந்து டிவி பார்ப்பதுதான் வேலை. ஆனால் அந்த ஊரில் அந்த ஆண்டில் அது ஒரு போராட்டம்.

ஒரு சுவாரஸ்யமான பொருத்தம்: நிலையம் தன் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தது அதே வாரத்தில், மார்ச் 3 அன்று!

பிறகு மனு போனது. மனுதாரர்களில் திருச்சபை தவிர இரண்டு பேர் முக்கியம். ஒருவர் நாம் ஏற்கெனவே பார்த்த மளிகைக்கடை ஸ்மித். இன்னொருவர் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஏரன் ஹென்றி, மாநில என்.ஏ.ஏ.சி.பி. தலைவர். அவர்கள் மனுவில் தங்கள் தகுதியாகச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: இருவர் வீட்டிலும் டிவி பெட்டி இருக்கிறது. அவ்வளவுதான் தகுதி!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வழக்கே அதில்தான் நின்றது. அதுவரை ஒரு நிலையத்தின் உரிமத்தை எதிர்த்து இரண்டு வகை ஆட்கள்தான் வழக்காட முடியும். ஒன்று, அதன் அலைவரிசையால் தன் ஒளிபரப்பு பாதிக்கப்படும் இன்னொரு நிலையம். இரண்டு, அதனால் வியாபார நஷ்டம் அடைபவர். பார்வையாளர்? அவருக்கு அங்கே இடமில்லை. ஆணையமும் 1965இல் அதையே சொன்னது. மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டு, நிலையத்துக்கு "இனிமேல் ஒழுங்காக இரு" என்று நிபந்தனை போட்டு ஓராண்டு உரிமம் கொடுத்தது.

தீர்ப்பு

வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு எழுதியவர் வாரன் பர்கர். இவர் புரட்சிக்காரரெல்லாம் இல்லை. பழமைவாதி என்று பெயர் பெற்றவர். 1966 மார்ச் 25 அன்று அவர் சொன்னதன் சாரம் இது: செய்தித்தாளை அதன் முதலாளி தன் இஷ்டத்துக்கு நடத்தலாம். ஒளிபரப்பு நிலையத்தை அப்படி நடத்த முடியாது. ஏனென்றால் அலைவரிசை பொதுச்சொத்து. அதை இலவசமாக வாங்கிக்கொண்டவருக்குப் பொதுமக்களிடம் கடமை இருக்கிறது. கடமை தவறினால் அதைக் கேட்கும் உரிமை கேட்பவருக்கும் பார்ப்பவருக்கும் இருக்கிறது.

ஆணையம் மறுபடி விசாரிக்க வேண்டியதாயிற்று. 1967இல் விசாரணை நடந்தது. நடந்த விதம் எப்படி? புகார் சொன்னவர்களைக் குற்றவாளி போல நடத்திவிட்டு 1968இல் மறுபடியும் உரிமத்தைப் புதுப்பித்தார்கள்! மனுதாரர்கள் மீண்டும் அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1969 ஜூன் 20 அன்று பர்கர் இரண்டாவது தீர்ப்பை எழுதினார். ஆணையம் நடந்துகொண்ட முறை இனித் திருத்த முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று கண்டித்து, உரிமத்தை நீதிமன்றமே ரத்து செய்தது. மூன்று நாள் கழித்து அவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார்.

உரிமத்தை ஒரு நிலையம் இழந்தது பெரிய செய்தி. அதைவிடப் பெரியது, மற்ற நிலையங்கள் எல்லாம் அதைப் பார்த்ததுதான். அதன் பிறகு அமெரிக்காவின் பல ஊர்களில் மக்கள் குழுக்கள் தங்கள் ஊர் நிலையங்களின் உரிமத்தை எதிர்த்து மனு கொடுக்க ஆரம்பித்தன. வழக்கு வேண்டாம் என்று நினைத்த நிலையங்கள் கூப்பிட்டுப் பேசின. சுற்றுச்சூழல், நுகர்வோர் என்று வேறு துறைகளில் வழக்குப் போட்டவர்களும் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினார்கள்.

அதே அறை, அதே கேமரா

1971 ஜூனில் நிலையத்தைத் தற்காலிகமாக நடத்தும் பொறுப்பு லாப நோக்கமற்ற ஒரு அமைப்புக்குப் போனது. கறுப்பர், வெள்ளையர் இரு தரப்பும் அதில் இருந்தார்கள். 1972இல் பாஸ்டனிலிருந்து வந்த வில்லியம் டில்டே பொது மேலாளர் ஆனார். அமெரிக்காவின் பெரிய வணிக டிவி நிலையம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவராக அவரைச் சொல்கிறார்கள். ஃப்ரெட் பியர்ட் உட்கார்ந்திருந்த அதே பதவி!

செய்தியும் மாறியது. ராண்டல் பிங்க்ஸ்டன் என்ற உள்ளூர்க் கறுப்பின இளைஞர் மாலைச் செய்தி வாசித்தார். பின்னாளில் அவர் சி.பி.எஸ். தேசியச் செய்தியில் வெள்ளை மாளிகை நிருபராகும் அளவுக்கு உயர்ந்தார். 45 சதவீத மக்கள் முதன்முறையாகத் தங்களைப் போன்ற ஒரு முகம் ஊர்ச் செய்தி சொல்வதைப் பார்த்தார்கள். நிலையம் மூழ்கிவிடும், விளம்பரம் வராது என்று சிலர் ஜோசியம் சொன்னார்கள். மூழ்கவில்லை. 1976ஆம் ஆண்டுக்கான பீபடி விருது, மிசிசிப்பி அரசியலைப் பற்றிய ஒரு ஆவணப்படத்துக்காக இந்த நிலையத்துக்குக் கிடைத்தது. நிரந்தர உரிமம் யாருக்கு என்ற இழுபறி பல ஆண்டுகள் நீண்டு, கடைசியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்குப் போனது. அதன் தலைமையில் இருந்தவர் மருந்துக்கடை ஏரன் ஹென்றி. டிவி பெட்டி வைத்திருப்பதையே தகுதியாகச் சொல்லி மனுப் போட்டவர், டிவி நிலையத்துக்கே தலைவர் ஆனார்!

கதையை இங்கே சுபம் போட்டு முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அப்படி முடிவதில்லை. 1987இல் நியாய விதியை ஆணையமே கைவிட்டது. 1996 சட்டத்துக்குப் பிறகு உரிமம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்றானது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்கக் கிடைத்த வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்கியது. நிலையமும் கைமாறிக் கைமாறி, 2019இல் நாடெங்கும் நிலையங்கள் வைத்திருக்கும் கிரே என்ற நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. எவரெட் பார்க்கர் 2015இல் தன் 102ஆம் வயதில் காலமானார்.

பழைய டபிள்யூ.எல்.பி.டி. எடுத்த செய்திப் படச்சுருள்கள் மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெரும்பாலானவை ஒலி இல்லாதவை. உரிமைப் போராட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அவற்றைத் தேடிப் போகிறார்கள். கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்த கைதான் வேறு.

நமக்கு இதில் என்ன?

அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றமும் 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய ஒரு வழக்கில், தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நமக்குச் சேனல்கள் பெருகின. ஆனால் "பொதுச்சொத்து என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு, நான் கேள்வி கேட்கலாம்" என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு வந்தது? பிடிக்கவில்லையா, சேனலை மாற்று என்பதோடு நம் உரிமை முடிந்துவிடுகிறது. ஜாக்சனில் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவர்கள் சேனலை மாற்றவில்லை. கடைசி வரை பார்த்தார்கள். பார்த்ததை எழுதினார்கள். எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ, நாங்க பார்த்த அட்டையெல்லாம் நிஜமாவே பழுதுதானா?"

பெரும்பாலும் பழுதுதான் அப்பா. ஆனால் கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் முக்கியம்.